சினை ஊசிக்கு முன் ஒரு வார்த்தை

சங்ககிரி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எங்களிடம் இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள் உள்ளன. பெரியது மூன்றாவது ஈத்து, நாளைக்கு 8 லிட்டர் கறக்கிறது. சின்னது கிடாரி, இன்னும் சினை ஊசி போடவில்லை. சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் குடும்பமும் மகளின் நர்சிங் படிப்பும் ஓடுகிறது. போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். செல்போனில் ஒரு வெள்ளைக் காளையின் படத்தைக் காட்டினார். தொடையும் முதுகும் பானை பானையாகத் திரண்டிருந்தது. அந்தக் காளையின் விந்து என்று சொல்லி ஊசிக்கு 7,500 ரூபாய் கேட்டார். பிறக்கும் காளைக் கன்றை ஆறு மாதத்தில் தானே 80,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வாராம். ஒரு சான்றிதழும் கொடுத்தார். அதில் இரட்டைத் தசை ஜீன், மென்மை ஜீன், கொழுப்பு ஜீன் மூன்றும் 'உண்டு' என்று போட்டிருக்கிறது. பெரிய பசுவுக்கு ஒரு ஊசி போட்டாயிற்று. கிடாரிக்கும் போடச் சொல்கிறார். மகளிர் குழுவில் கடன் கேட்டிருக்கிறேன். போடலாமா?"

முதலில் பதில்: கிடாரிக்குப் போடாதீர்கள். குழுக் கடனையும் வாங்காதீர்கள். கிடாரி 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். இந்தப் பருவம் தப்பினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பெரிய பசுவுக்குச் செய்ய வேண்டியதைப் பின்னால் சொல்கிறேன், அதை மட்டும் தவறாமல் படித்துவிடுங்கள்.

நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. அதனால் கடிதத்தை எங்கள் வட்டாரக் கால்நடை உதவி மருத்துவரிடம் காட்டினேன். படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "கன்றை எந்த வழியாக வெளியே எடுப்பது என்று அந்த ஆள் சொன்னாரா?"

படத்தில் இருந்த காளை பெரும்பாலும் பெல்ஜியன் புளூ இனமாகத்தான் இருக்கும். பெல்ஜியம் நாட்டு மாடு. அதன் உடம்பு அப்படித் திரண்டு நிற்பது ஊசி மருந்தாலோ சிறப்புத் தீவனத்தாலோ அல்ல. எல்லா மாட்டின் உடம்பிலும், உங்கள் பசுவின் உடம்பிலும், நம் உடம்பிலும்கூட மயோஸ்டேட்டின் என்று ஒரு புரதம் சுரக்கிறது. தசை ஒரு அளவுக்கு மேல் வளராமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. வண்டிக்குப் பிரேக் போல. பெல்ஜியன் புளூ மாட்டில் அந்தப் புரதத்தைச் செய்யும் ஜீனில் 11 எழுத்துகள் விட்டுப்போயிருக்கின்றன. ஜீன் என்பது நான்கே எழுத்துகளில் எழுதிய நீண்ட வாக்கியம். நடுவில் 11 எழுத்து போனால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் உளறலாகிவிடும். பிரேக் வேலை செய்யாது, தசைநார்களின் எண்ணிக்கையே கூடிவிடும். இதை 1997ல் கண்டுபிடித்தார்கள். இத்தாலியின் பியட்மாண்டீஸ் இனத்திலும் இதே ஜீன்தான் பழுதாகியிருக்கிறது, ஆனால் வேறு இடத்தில், ஒரே ஒரு எழுத்து மாறி.

அந்த மாட்டின் கறி மோசம் என்று சொல்ல முடியாது. கொழுப்பு குறைவு, நாரைச் சுற்றியிருக்கும் சவ்வும் குறைவு. கறி மென்மையாகவே இருக்கும். சிக்கல் ஈனும்போது வருகிறது. தூய பெல்ஜியன் புளூ கன்றுகளில் 10க்கு 9க்கு மேல் பசுவின் வயிற்றைக் கிழித்துத்தான் வெளியே எடுக்கிறார்கள். கன்று 45 கிலோ வரை இருக்கும். தாயின் இடுப்பெலும்பு வழியோ உள்ளே திரண்ட தசையால் குறுகிப் போயிருக்கும். பெல்ஜியத்தில் இதற்கென்றே பழகிய கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அறுவை அங்கே அன்றாட வேலை. நம் ஊரில் இரவு இரண்டு மணிக்குப் பசு முக்கினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பிழைத்த கன்றுகளிலும் சிலவற்றுக்கு நாக்கு தடித்து மடி பிடிக்க முடியாது. இரட்டைத் தசை மாடுகள் வெயிலும் தாங்காது. சித்திரை மாதத்துச் சங்ககிரி வெயிலை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆளுக்காக அல்ல, விஷயத்துக்காக. ஐரோப்பாவில் பால் பண்ணைக்காரர்கள் பெல்ஜியன் புளூ விந்தைத் தங்கள் கறவைப் பசுக்களுக்குப் போடுவது உண்டு. அந்தக் கலப்புக் கன்றுகளில் பெரும்பாலானவை அறுவை இல்லாமலே பிறக்கின்றன. ஏன் என்றால், கன்றுக்கு ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி: அப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. காளை கொடுப்பது பழுதான பிரதி. உங்கள் பசு கொடுப்பது நல்ல பிரதி. ஒரு பிரேக் வேலை செய்யும்போது தசை கொஞ்சம்தான் கூடும்.

நெல்லில் இதை நாம் பார்த்திருக்கிறோம். ஐ.ஆர்.8 குட்டை ரகம். அதை நெட்டை நாட்டு நெல்லோடு சேர்த்தால் முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகத்தான் வரும். குட்டைத்தன்மை வெளியே தெரிய இரண்டு பிரதியும் குட்டையாக இருக்க வேண்டும். அதுபோல, செல்போன் படத்தில் பார்த்த உடல்வாகு உங்கள் பசுவின் கன்றுக்கு வரவே வராது. சான்றிதழில் உள்ள 'இரட்டைத் தசை ஜீன்' உண்மையாகவே இருந்தாலும் வராது. அப்படியிருக்க 80,000 ரூபாய் எதற்கு?

ஈனும் அபாயம் மட்டும் முழுதாகப் போய்விடாது. ஐரோப்பாவில் ஊசி போடுவது 600, 700 கிலோ எடையுள்ள ஹோல்ஸ்டீன் பசுக்களுக்கு. சுலபமாக ஈனக்கூடிய காளைகளாகத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள், கிடாரிகளைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். நம் ஜெர்சி கலப்புப் பசு 350 கிலோ இருந்தாலே நல்ல உடம்பு. அதன் கன்று 20, 25 கிலோ. அந்த வயிற்றில் பெரிய இனத்துக் கன்றை வைப்பது, அதிலும் தலையீத்துக் கிடாரியில் வைப்பது, சூதாட்டம்.

அடுத்து 'மென்மை ஜீன்'. பெயரில் பொய் இல்லை. ஆனால் உங்களுக்குக் காசாகாது. ஏன் காசாகாது என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முற்றின கறி வேகாவிட்டால் வீட்டில் என்ன செய்வீர்கள்? பப்பாளிக்காய்த் துண்டு இரண்டு போடுவீர்கள். பப்பாளிப் பாலில் உள்ள நொதி தசைநாரை வெட்டிவிடுகிறது, கறி இளகுகிறது. அதே வேலையைச் செய்யும் நொதி ஒன்று மாட்டின் தசைக்குள்ளேயே இருக்கிறது. கால்பெயின் என்று பெயர். மாட்டை அறுத்த பிறகு அது நாரை மெல்ல மெல்ல வெட்டும். அதைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் என்ற இன்னொரு புரதமும் கூடவே இருக்கிறது. இந்த இரண்டையும் செய்யும் ஜீன்களில் மாட்டுக்கு மாடு, இனத்துக்கு இனம் எழுத்து வேறுபாடு உண்டு. தடுப்பு அதிகமுள்ள மாட்டின் கறி இறுகலாக இருக்கும், குறைவானதன் கறி இளகும். சான்றிதழ்க்காரர் சொல்லும் மென்மை ஜீன் இதுதான்.

இதில் நம் மாடுகளுக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. திமில் உள்ள மாடுகளில் அந்தத் தடுப்புப் புரதம் அதிகம். ஆந்திரத்து ஓங்கோல் மாடு பிரேசில் போய் நெல்லூர்ப் பெயரில் 'நெலோர்' ஆயிற்று. இன்று பிரேசிலின் மாட்டு மந்தையில் பெரும்பகுதி அதன் வழி வந்ததுதான். ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் மாடுகளைக் கலந்து அமெரிக்காவில் பிராமன் என்ற இனத்தை உண்டாக்கினார்கள். வெயிலும் உண்ணியும் தாங்கும் என்பதால் ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் அது பரவியது. தாங்கியது, ஆனால் கறி கொஞ்சம் இறுகல் என்று வாங்குபவர்கள் குறை சொன்னார்கள். அங்கே இறைச்சித் தரம் பிரிக்கும் முறையில், அறுத்த மாட்டின் திமில் உயரத்தை ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். திமில் உயர உயர, சில பாகங்களின் மென்மை மதிப்பெண் குறைகிறது. நாம் எந்தத் திமிலைப் பார்த்துச் சந்தையில் காளைக்கு விலை கூட்டிச் சொல்கிறோமோ, அதே திமிலுக்கு அங்கே மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்!

இதை நம் மாட்டின் குறை என்று நான் சொல்லமாட்டேன். நம் முன்னோர்கள் மாட்டைத் தேர்ந்தெடுத்தது ஏருக்கும், கவலை இறைக்கவும், வண்டிக்கும். கறியின் மென்மைக்கு அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. எதற்குத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுதான் வரும். அரிசியும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு உதிரியாக வேகும் அரிசியும், குழைந்து ஒட்டும் அரிசியும் வேறுபடுவது பெரும்பாலும் அமைலோஸ் என்ற மாவுப் பொருளின் அளவால். அந்த அளவைத் தீர்மானிப்பதில் ஒரே ஒரு ஜீனுக்கு முக்கியப் பங்கு. குழைந்தது கெட்ட அரிசியா? புட்டுக்கும் பாயசத்துக்கும் அதைத்தானே தேடுகிறோம்.

இப்போது காசாகாத காரணம். கால்பெயின் நொதி வேலை செய்ய நாள் வேண்டும். மாட்டை அறுத்ததும் தசை சில மணி நேரத்தில் விறைத்துப் போகிறது. அதன் பிறகு குளிர் அறையில், 0 முதல் 4 டிகிரிக்குள், ஒரு வாரம் இரண்டு வாரம் தொங்கவிட்டால்தான் நொதி நாரை வெட்டிக் கறி இளகும். வெளிநாட்டில் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு அதைத் தட்டையாக வெட்டிச் சூடான கல்லில் சில நிமிடம் வாட்டிச் சாப்பிடுகிறார்கள். அந்தச் சமையலுக்கு மென்மை முக்கியம்.

நம் ஊரில் விடியற்காலை அறுத்த கறி எட்டு மணிக்குச் சட்டியில் கொதிக்கிறது. ஆடானாலும் மாடானாலும் இதே கதை. நொதிக்கு அங்கே வேலை செய்ய நேரமே இல்லை. நல்ல எழுத்து உள்ள மாட்டின் கறியும் சாதாரண மாட்டின் கறியும் அந்தச் சட்டியில் ஒன்றுதான். நம் சமையலில் வித்தியாசம் காட்டுவது விலங்கின் வயது. வயது ஏற ஏற நாரைச் சுற்றியுள்ள சவ்வு இறுகிப் பின்னிக்கொள்கிறது, கிழட்டுக் கறி வேகாததற்குக் காரணம் அது. நாம் தண்ணீர் ஊற்றி நேரம் கொடுத்து வேகவைப்பதால் அந்தச் சவ்வும் கடைசியில் கரைந்து குழம்பில் இறங்கிவிடுகிறது. நெஞ்செலும்புச் சாறு ஆறினால் கெட்டியாகிறதே, அதில் பங்கு இந்தச் சவ்வுக்குத்தான். இதற்கு எந்த ஜீன் சான்றிதழும் வேண்டாம், குக்கர் போதும்.

இன்னொன்று. குளிர் அறை இருக்கும் நாட்டில்கூட, ஒரே இனத்து மாடுகளுக்குள் மென்மையில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய கால் முதல் மூன்றில் ஒரு பங்கைத்தான் மரபு தீர்மானிக்கிறது. மீதி, தீவனம், வயது, அறுக்கும் முன் பட்ட பாடு, குளிர்வித்த விதம். அந்த மூன்றில் ஒரு பங்கிலும் பல ஜீன்கள் கைகோத்து நிற்கின்றன. ஒரு ஜீனுக்கு ஒரு 'உண்டு' போட்டுக் காசு கேட்பது, மண் பரிசோதனையில் துத்தநாகம் மட்டும் பார்த்துவிட்டு மகசூலுக்கு உத்தரவாதம் கொடுப்பது மாதிரி.

மூன்றாவது, 'கொழுப்பு ஜீன்'. தசைக்குள் பூவேலை மாதிரி வெள்ளைக் கொழுப்பு ஓடும் ஜப்பானிய வாக்யு மாட்டை நினைத்து இதைப் போட்டிருக்கிறார்கள். அங்கே அந்தக் கொழுப்பை 1 முதல் 12 வரை எண் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள், எண்ணுக்கு ஏற்ற விலை. கொழுப்பு எவ்வளவு ஓடும், எவ்வளவு சீக்கிரம் உருகும் என்பதில் ஜீன்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஜீன் மட்டும் இருந்தால் போதாது. மாட்டை 28, 30 மாதம் வரை கட்டிப்போட்டு மக்காச்சோளம், பார்லி என்று ஊட்ட வேண்டும். பசும்புல்லைக் குறைத்து வைக்கோல் கொடுக்கிறார்கள். ஆமாம், நம் நெல் வைக்கோல்தான். வைக்கோலில் வைட்டமின் ஏ சத்து மிகக் குறைவு. அது குறைந்தால் தசைக்குள் கொழுப்பு கூடும். அளவு தப்பினால் மாட்டுக்குக் கண் போய்விடும். அவ்வளவு கணக்குப் பார்த்துச் செய்கிற வேலை அது. அந்த விந்து நாட்டை விட்டுக் கள்ளத்தனமாகப் போய்விடக்கூடாது என்று 2020ல் ஜப்பான் தனிச் சட்டமே கொண்டுவந்தது. சங்ககிரிக்கு அது 7,500 ரூபாய்க்கு வந்து சேர்ந்தது என்றால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அது மட்டுமல்ல, ஒரே குச்சியில் பெல்ஜியத்துத் தசையும் ஜப்பானியக் கொழுப்பும் எப்படிச் சேரும்? மயோஸ்டேட்டின் பழுதான மாட்டில் கொழுப்பு குறையும் என்று மேலே பார்த்தோம். இரண்டுக்கும் 'உண்டு' போட்ட சான்றிதழ், உயரமான குட்டையன் என்று எழுதிய அடையாள அட்டை மாதிரி.

விற்கும் இடத்தையும் பாருங்கள். நம் சந்தைகளில் மாட்டைக் கண் மதிப்பில், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். கறியின் மென்மைக்கோ உள் கொழுப்புக்கோ தனி விலை கிடையாது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாவது எருமைக் கறி. பசு, காளை, கன்று இவற்றின் கறியை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. அப்படியானால் 80,000 ரூபாய் கொடுத்துக் கன்றை வாங்குபவர் அதை எங்கே கொண்டுபோய் விற்பார்? இந்தக் கேள்வியை அவரிடமே கேளுங்கள். திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று முத்திரைத்தாளில் எழுதித் தருவாரா என்றும் கேளுங்கள். ஈமு கோழி காலத்தில் திரும்ப வாங்குகிறோம் என்ற வார்த்தையை நம்பிக் கொங்குப் பகுதியில் எத்தனை பேர் பணத்தை விட்டார்கள் என்பது உங்கள் ஊரிலேயே யாருக்காவது நினைவிருக்கும்.

சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டு விந்து இந்தியாவுக்குள் வர மத்தியக் கால்நடைத் துறையின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டிலும் மாட்டின இனப்பெருக்கத்தை ஒழுங்குபடுத்த 2019ல் சட்டம் வந்தது. முறையான விந்து நிலையத்தில் காளைகளுக்குக் கருச்சிதைவு நோய், காசநோய் போன்றவை இருக்கிறதா என்று தவறாமல் சோதிப்பார்கள். உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண், இனம், நிலையத்தின் குறியீடு, தேதி அச்சிட்டிருக்கும். ஊசி போட்டதும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் பசுவுக்குப் போட்ட குச்சியில் என்ன எழுதியிருந்தது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எதுவும் அச்சிடவில்லை என்றால், உள்ளே இருந்தது பெல்ஜியக் காளையா பக்கத்து ஊர்க் காளையா என்பது ஊசி போட்டவருக்கே வெளிச்சம். பக்கத்து ஊர்க் காளையாக இருந்தால் ஒருவகையில் உங்கள் அதிர்ஷ்டம்.

இனி பெரிய பசு. ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சினை ஏறக்குறைய 280 நாள். இந்த வாரமே கால்நடை மருந்தகத்துக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயப்படாதீர்கள், திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை செய்வார்கள். சினை நின்றிருந்தால், வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைப் பசுவின் இடுப்பமைப்பைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்யட்டும். ஏற்கெனவே மூன்று ஈத்து கண்ட பசு என்பது உங்களுக்கு ஆறுதல். கன்று பெருத்துவிடும் என்று பயந்து சினை மாட்டைப் பட்டினி போடவேண்டாம். தாய் தெம்பிழந்தால் முக்கவும் முடியாது. கடைசி இரண்டு மாதம் மாவுத் தீவனத்தை அளவுக்கு மீறி ஊட்டவும் வேண்டாம்.

ஈனும் வாரம் வீட்டில் ஒருவர் இரவில் எழுந்து பார்க்க வேண்டும். நீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரத்தில் கால்களும் மூக்கும் வெளியே வரத் தொடங்கவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962. நான்கு ஆள் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க மட்டும் விடாதீர்கள். கன்று போனால் கன்றோடு போகும். கருப்பை கிழிந்தால் பசு போகும். பசு பிழைத்து ஒரு மாதம் கறக்காமல் நின்றாலே 240 லிட்டர் பால் நட்டம்.

கிடாரிக்கு என்ன போடலாம்? உங்கள் வருமானம் பால். காளைக் கன்று பிறந்தால் சுமை என்பதால்தானே அந்த ஆளின் பேச்சு எடுபட்டது? அதற்கு நேரான வழி இருக்கிறது. பாலினம் பிரித்த உறைவிந்து அரசு வழியாகவே கிடைக்கிறது, 10 கன்றில் 9 கிடாரியாகப் பிறக்கும். சினை பிடிக்கும் வாய்ப்பு சாதாரண விந்தைவிடச் சற்றுக் குறைவு. அதனால் உடம்பு தேறிய, பருவம் தெளிவாகக் காட்டும் கிடாரிக்குப் போடுவது நல்லது. உங்களுடையது அதற்குப் பொருத்தம். ஊசி போட்டதும் காதுத் தோட்டின் 12 இலக்க எண்ணோடு பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஜீன் என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். 2024 அக்டோபரில் நம் நாட்டு மாடுகளுக்கென்றே மரபணுச் சிப் ஒன்றை மத்திய அரசு வெளியிட்டது. பல்லாயிரம் இடங்களில் எழுத்தைப் படித்து, இளம் கன்றாக இருக்கும்போதே எந்தக் காளையின் மகள்கள் நன்றாகக் கறப்பார்கள் என்று கணிப்பதற்கு. பலன் உங்களுக்கு அரசு விந்துக் குச்சியின் வழியாகவே வந்து சேரும், நீங்கள் தனியாகக் காசு கட்டிச் சோதிக்க வேண்டியதில்லை. இன்னொரு ஜீன் சேதியும் உங்களுக்குப் பிடிக்கும். பாலின் கொழுப்பைக் கூட்டிக் குறைக்கும் டிஜிஏடி1 என்ற ஜீனில், கொழுப்பைக் கூட்டும் எழுத்துதான் நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. ஹோல்ஸ்டீனில் இரண்டு வகையும் கலந்திருக்கும். எருமைப் பாலுக்குச் சொசைட்டியில் கொழுப்பு அளவு ஏறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்ற கேள்விகள்

மேச்சேரி ஆடு 30 வைத்திருக்கும் மேட்டூர்ப் பக்கத்து வாசகர், "தொடை பெருத்த வெளிநாட்டுச் செம்மறிக் கிடா வாங்கினால் கறி கூடுமா?" என்று கேட்கிறார்.

கூடும். ஆனால் கேளுங்கள். 1983ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கிடாக்குட்டி பிறந்தது. சாலிட் கோல்ட் என்று பெயர் வைத்தார்கள். சொக்கத் தங்கம் என்று பொருள். அதன் வாரிசுகளுக்குப் பின்தொடை அப்படித் திரண்டது. காலிபைஜ் என்ற அந்த ஜீனில் ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. அதுவும் தந்தை வழியாக மட்டும் வந்தால்தான் தெரியும், தாய் வழியாக வந்தால் தெரியாது. தீவனம் குறைவு, கறி அதிகம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அறுத்துச் சாப்பிட்டபோது முதுகுக் கறி ரப்பர். மேலே சொன்ன கால்பாஸ்டாட்டின் தடுப்பு அதில் எகிறிப்போயிருந்தது. வாங்குவோர் திரும்பிப் பார்க்கவில்லை.

மேச்சேரிக்குக் கறியிலும் தோலிலும் நல்ல பெயர் இருக்கிறது. உங்கள் மந்தையிலேயே வேகமாக எடை ஏறும் தாயின் கிடாக்குட்டியை வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறு மந்தைக் கிடாவை மாற்றுங்கள். செம்மறியில் பணம் தரும் ஒரு ஜீன் உண்டு என்றால் அது இரட்டைக் குட்டி ஜீன்தான். வங்காளத்துச் சுந்தரவனக் காட்டோரத்து காரோல் ஆட்டில் உள்ளது. மகாராஷ்டிரத்தின் பல்தானில் அதைத் தக்காணி ஆட்டோடு சேர்த்து வளர்த்திருக்கிறார்கள். பால் போதாமல் இரண்டாவது குட்டி சாகாத அளவுக்குத் தீவனம் கொடுக்க முடிகிறவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

பரமக்குடியிலிருந்து கறிக்கடை வைத்திருக்கும் தம்பி, "தூரத்துச் சந்தையிலிருந்து ஏற்றி வந்த ஆட்டின் கறி சில நாள் கருத்துப்போய், பிசுபிசுப்பாக இருக்கிறது. வாடிக்கையாளர் பழைய கறி என்கிறார். நோயா?" என்று கேட்கிறார்.

பெரும்பாலும் நோய் இல்லை, களைப்பு. தசையில் சேமித்த சர்க்கரைச் சத்து அறுத்த பிறகு புளிப்பாக மாறும். அந்தப் புளிப்புதான் கறிக்குச் செந்நிறம் தருகிறது, சீக்கிரம் கெடாமலும் காக்கிறது. இரவெல்லாம் வண்டியில் நின்று, பட்டினி கிடந்து, மிரண்டு வந்த ஆட்டில் அந்தச் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும். புளிப்பு ஏறாது, கறி கருக்கும், சீக்கிரம் கெடும். இறக்கியவுடன் அறுக்காதீர்கள். நிழலில் கட்டித் தண்ணீர் காட்டி, கொஞ்சம் தழை போட்டு, ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள். புதுக் கிடாக்களை ஒன்றாக அடைத்தால் முட்டி மோதி இருந்த தெம்பும் போகும், தனித்தனியாகக் கட்டுங்கள். காய்ச்சல், மூக்கொழுகல், கழிச்சல் இருந்தால் மட்டும் அறுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.